நாலு நொடி

கடைப் பெயர் அலை.
மூன்று மொழியில் எழுதி வைத்தோம்.
தமிழில் மட்டும் முதலெழுத்து உதிர்ந்து
'லை' என்று நிற்கிறது இரண்டு மழைக்காலமாய்.
கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான்,
கடைசியில் வாயைக் கொஞ்சம் அகட்டினால் போதும்.
அது உதிரவில்லை.

பெங்களூரிலிருந்து
கிழக்கே போனாலும் மேற்கே போனாலும்
கடல் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர்.
எங்களுக்கு எதிரே இருப்பது தொட்டகெரே:
ஆகாயத்தாமரை, ஒரு நீர்க்கோழிக் குடும்பம்,
பின்னால் பதினெட்டு மாடி.
பெருமழையில் நுரை எழும்பி
ரோட்டைத் தாண்டி வந்து
ஸ்கூட்டர் சீட்டுகளில் உட்காரும்,
யாரோ வந்து ஓட்டிப் போவார்கள் என்பதுபோல.

இங்கே எதுக்கு சர்ஃப் கடை என்று
கேட்காத ஆளில்லை.
வாடகை கம்மி என்பேன் நான்.
இன்னாசி பதிலே சொல்வதில்லை,
உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவான்.
எங்களிடம் உப்பு என்று இருப்பது
அந்தத் தாள் ஒன்றுதான்.

வெள்ளி இரவு
பலகைகள் கார்களின் தலையில் ஏறிப் போகும்,
கோவளத்துக்கு, மூல்கிக்கு.
திங்கள் காலை மூக்குடைந்து திரும்பும்.
கூடவே வருகிறவர்களும் அப்படித்தான்,
ஆனால் அவர்கள் பத்து மணி மீட்டிங்கில்
அதைச் சொல்ல முடியாது,
எங்களிடம் சொல்வார்கள்.
ரெசின் நாற்றம் சுவரேறிக் குதித்து
பக்கத்து பேக்கரி பன்னில் இறங்கும்.
'ஸ்வல்ப நிறுத்துங்கப்பா' என்று
நஞ்சுண்டா மாவுக் கையோடு வருவார்,
ஒரு சிகரெட் நேரம் நின்று
யார் யார் விழுந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்.

பழைய மெழுகைச் சுரண்டினால் மணல் கொட்டும்.
கூட்டி அள்ளி
தீயணைப்பு ஆபீசர் மாட்டச் சொன்ன
சிவப்பு வாளியில் போடுகிறேன்.
இரண்டு வருஷத்தில் முக்கால் வாளி.
பரிசோதனைக்கு வந்தவர் கையை விட்டுத் துழாவினார்,
ஒரு சிப்பி வந்தது.
என்னைப் பார்த்தார்.
சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச்
சிப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மே பதினேழு, மூன்றே முக்கால்.
முதலில் பேக்கரியின் தார்ப்பாய் பறந்தது.
பிறகு ஏரி முழுக்க
யாரோ போர்வையை உதறியதுபோல்
ஒரு மடிப்பு, பின்னால் இன்னொன்று.
முழங்கால் உயரமெல்லாம் இல்லை,
கணுக்கால் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் வரிசையாய். மடங்கி. உடைந்து.

இன்னாசிக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ.
கைக்குக் கிடைத்தது ஒன்பதடிப் பலகை,
அதுவும் ஹெக்டேயுடையது,
ஒட்டு இன்னும் காயாதது.
லுங்கியோடு ஓடினான்.

இறங்காதே என்று காவலாளி மாரேகௌடா
விசில் ஊதினார்,
ஊதிக்கொண்டே கரையில் ஓடினார்.
அவன் எழுந்து நின்றபோது
வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டார்.

ஒன்று.
இரண்டு.
என் கையில் கால்குலேட்டர், எதற்கென்று தெரியவில்லை.
மூன்று.
நாலில் ஆகாயத்தாமரை காலைப் பிடித்தது.

டேங்கர் தண்ணீர் ஏழு வாளி,
தோல் டாக்டர் நானூறு, களிம்பு நூற்றெண்பது,
ஹெக்டேவுக்கு மறு ஒட்டு இலவசம்.
வரவுப் பக்கம் காலி.
அன்றைய கணக்கை மட்டும்
இன்னும் கூட்டிக் கோடு போடவில்லை.

ஹெக்டே வந்தார், பலகையைத் திருப்பினார்,
மோந்து பார்த்தார்.
'இது எந்தக் கடல்?'
கழுத்தைச் சொறிந்துகொண்டே இன்னாசி
'கிழக்கு' என்றான்.